கேளுங்க, சொல்றோம்: டிங்கினேஷ்ங்கற குட்டிக் கல்லு

போன இதழ்ல நாசாவோட லூசி விண்கலம் பத்தி ஒரு அரைப்பக்கம் போட்டிருந்தோம். வியாழன் கிரகத்தோட பாதையிலயே அதுக்கு முன்னாடி ஒரு கூட்டமும் பின்னாடி ஒரு கூட்டமுமா போய்ட்டு இருக்கற ட்ரோஜன் சிறுகோள்கள பாக்க கிளம்பின விண்கலம் அது. போற வழியில டிங்கினேஷ்னு ஒரு சின்ன கல்லையும் பாத்துட்டு போச்சுன்னு அதுல ஒரே ஒரு வரி இருந்துச்சு. வந்த லெட்டர், மெயில், வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சு பாத்தா முக்காவாசி பேரு அந்த ஒரு வரிய பிடிச்சுகிட்டுதான் கேட்டிருக்கீங்க. எனக்கு அதுல அவ்ளோ சந்தோஷம், ஏன்னா ட்ரோஜன விட எனக்கு அந்த கல்லு மேலதான் பிரியம் ஜாஸ்தி. அதனால இந்த மாசம் வேற சப்ஜெக்ட் எதையும் எடுக்கல.

கேள்வி: டிங்கினேஷ் எங்க இருக்கு, யாரு கண்டுபிடிச்சது, எவ்ளோ பெருசு? அடிப்படையில இருந்து சொல்லுங்க சார். (வாசகர், தேனி)

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல லட்சக்கணக்கான சிறுகோள்கள் சூரியன சுத்திட்டு இருக்கறது தெரியும்ல, அந்த பட்டையோட உள் ஓரத்துல, அதாவது செவ்வாய் பக்கமா இருக்கு. சூரியன்ல இருந்து சராசரியா 33 கோடி கிலோமீட்டர், ஒரு தடவ சூரியன சுத்தி வர 3.24 வருஷம். 1999 நவம்பர் 4-ஆம் தேதி அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலத்துல சொகோரோங்கற இடத்துல லீனியர்னு ஒரு தேடல் திட்டம் ஓடிட்டு இருந்துச்சு, அவங்க டெலஸ்கோப்ல சிக்குச்சு. சிக்குச்சுன்னா படத்துல ஒரு புள்ளி, அவ்ளோதான். அப்புறம் 152830-னு ஒரு நம்பர் குடுத்து லிஸ்ட்ல சேத்துட்டு அவங்கவங்க வேலைய பாக்க போய்ட்டாங்க, 2023 வரைக்கும் அதுக்கு பேரு கூட கிடையாது.

சைஸ் சுமார் 720 மீட்டர். எஸ் டைப்னு சொல்ற கல் வகை, ஆலிவின், பைராக்சீன் மாதிரி சிலிக்கேட் கனிமங்கள் நிறைஞ்ச சாதாரண பாறை. பட்டையோட உள் பக்கத்துல இந்த வகைதான் ஜாஸ்தி. பூமியில விழற விண்கற்கள்லயும் பெரும்பாலானது சாதாரண காண்ட்ரைட்டுங்கற கல் வகை, அது எஸ் டைப் சிறுகோள்கள்ல இருந்து வர்றதுதான்னு ஜப்பானோட ஹயபுசா இட்டோகாவாங்கற சிறுகோள்ல இருந்து 2010-ல கொண்டு வந்த தூள வெச்சு உறுதி பண்ணிட்டாங்க. ஆக டிங்கினேஷ் ஒண்ணும் அபூர்வமான சரக்கு இல்ல, இந்த மாதிரி கல்லு அங்க எக்கச்சக்கமா கிடக்கு, அதனாலதான் அதுல பாத்த விஷயம் மத்த கல்லுக்கும் பொருந்தும்.

கேள்வி: 720 மீட்டர் கல்ல பாக்கறதுக்கு ஒரு விண்கலத்த ஏன் திருப்பணும்? காசு வேஸ்ட் இல்லையா? (ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்)

நியாயமான கேள்விதாங்க, ஆனா கணக்கு வேற மாதிரி. லூசி 2021 அக்டோபர் 16-ஆம் தேதி கிளம்பினப்ப டிங்கினேஷ் அதோட லிஸ்ட்லயே இல்ல. வழியில பட்டையத் தாண்டிதான் போகணும், அப்ப பக்கத்துல ஏதாவது வருமான்னு பிரான்ஸ்ல நீஸ் ஆய்வகத்துல இருக்கற ரஃபேல் மார்ஷல்ங்கற விஞ்ஞானி கணக்கு போட்டு பாத்தாரு. ஒரு கல்லு மட்டும் 64,000 கிலோமீட்டர் பக்கத்துல வர்ற மாதிரி தெரிஞ்சுது. விண்வெளி கணக்குல இது உரசிட்டு போற தூரம். 2023 ஜனவரியில அத பட்டியல்ல சேத்தாங்க, மே மாசத்துல இருந்து பாதைய லேசா லேசா திருத்தி 64,000-த்த 430 கிலோமீட்டரா குறைச்சாங்க. கொஞ்சம் எரிபொருள்தான் செலவு, புதுசா விண்கலம் எதுவும் கட்டல.

அதுவும் கல்ல பாக்கணும்ங்கறது முதல் காரணம் இல்ல. லூசியில ஒரு புது சிஸ்டம் இருக்கு, இலக்க தானா கண்டுபிடிச்சு கேமராவ அது மேலயே வெச்சிருக்கற சிஸ்டம். ட்ரோஜன் பக்கத்துல போறப்ப ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு சான்ஸ்தான், அங்க நின்னு பாக்க முடியாது, திரும்பியும் வர முடியாது, வருஷக்கணக்கா பயணம் பண்ணி போய் அந்த சில நிமிஷத்துல கேமரா வேற பக்கம் பாத்துட்டு இருந்தா எல்லாம் போச்சு. அதனால முன்னாடியே ஒரு ஒத்திகை வேணும்னு நினைச்சாங்க, அதுக்கு கிடைச்சதுதான் டிங்கினேஷ். ஒத்திகைக்கு எடுத்த கல்லுதான் ஆராய்ச்சிக் கட்டுரையா 2024 மே மாசம் நேச்சர் இதழ்ல வந்துச்சு. போட்ட காசுக்கு இதுக்கு மேல என்ன வேணும்ங்க.

கேள்வி: அவ்ளோ வேகத்துல போயிட்டு இருக்கறப்ப எப்படி படம் ஆடாம அசையாம வந்துச்சு? பூமியில இருந்து ரிமோட் மாதிரி இயக்குவாங்களா? (ஐடிஐ மாணவர், ஓசூர்)

ரிமோட்டெல்லாம் முடியவே முடியாதுப்பா. அன்னிக்கு லூசி இருந்த இடத்துல இருந்து பூமிக்கு சிக்னல் வரவே அரை மணி நேரத்துக்கு பக்கம் ஆகும். படம் கொஞ்சம் இடது பக்கம் போகுதுன்னு இங்க தெரிஞ்சு, திருப்புன்னு கட்டளை அனுப்பி, அது போய் சேர்றதுக்குள்ள ஒரு மணி நேரம் ஓடிரும், கல்லு எப்பவோ பின்னாடி போயிருக்கும்.

2023 நவம்பர் 1, நம்ம நேரப்படி ராத்திரி 10 மணி 24 நிமிஷம். அந்த நேரத்துல லூசிக்கும் கல்லுக்கும் நடுவுல 430 கிலோமீட்டர், கடந்து போற வேகம் விநாடிக்கு 4.5 கிலோமீட்டர், மணிக்குன்னு பாத்தா 16,000-க்கு மேல. கணக்கு போட்டா அந்த உச்சகட்டத்துல கல்லு இருக்கற திசை விநாடிக்கு அரை டிகிரிக்கு மேல மாறிகிட்டே இருக்கும், கல்லு தெரியற அகலமோ நம்ம நிலா அகலத்துல அஞ்சுல ஒரு பங்குதான். அதாவது ஒரே விநாடியில அது தன்னோட அகலத்த போல ஆறு மடங்கு தள்ளிப் போயிருக்கும். அது பின்னாடியே கேமரா திரும்பிகிட்டே இருக்கணும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு, கல்லு சரியா எங்க இருக்குங்கறது பூமியில இருந்து பாத்து ஓரளவுக்குத்தான் தெரியும், சில கிலோமீட்டர் முன்ன பின்ன இருக்கும். முன்னாடி எல்லாம் அதனால சுத்தி இருக்கற இடத்தையும் சேத்து நெறய படம் எடுத்து வெச்சுக்குவாங்க, அதுல பாதி படத்துல வெறும் கருப்பு வானம்தான் இருக்கும். லூசியில ரெண்டு அகலப் பார்வை கேமரா இதுக்குன்னே இருக்கு, அது எடுக்கற படத்துல பளிச்சுனு தெரியறது எதுன்னு உள்ள இருக்கற சாஃப்ட்வேரே பாத்து, நாம நினைச்ச இடத்துக்கும் நிஜ இடத்துக்கும் எவ்ளோ வித்தியாசம்னு கணக்கு பண்ணி, மத்த கருவி எல்லாம் வெச்சிருக்கற மேடைய அந்த பக்கம் திருப்பிரும். நீ ஐடிஐ-ல மோட்டார் கன்ட்ரோல் படிக்கறன்னா ஃபீட்பேக் லூப்னு சொல்லி குடுத்திருப்பாங்களே, அடிப்படை அதேதான், என்ன, பக்கத்துல நின்னு சரி பண்ண ஆள் கிடையாது. முதல் தடவையிலயே கல்லு ஃபிரேமுக்குள்ள பத்திரமா நின்னுச்சு. இந்த இடத்த படிக்கறப்ப எல்லாம் எனக்கு அந்த சாஃப்ட்வேர் எழுதினவங்க மேல மரியாதை ஏறிகிட்டே போகுது.

கேள்வி: அதுக்கு நிலா இருக்காமே? 720 மீட்டர் கல்லுக்கு நிலாவா, நம்பவே முடியல. (இல்லத்தரசி, நாமக்கல்)

இருக்குங்கம்மா, அதுவும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டின ரெட்டை நிலா.

லூசி பக்கத்துல போறதுக்கு சில வாரம் முன்னாடி இருந்தே டிங்கினேஷோட வெளிச்சம் ஏறி இறங்கற விதம் கொஞ்சம் வித்தியாசமா இருந்துச்சு, ரெண்டு பொருளா இருக்குமோன்னு குழுவுல ஒரு சந்தேகம். முதல் படங்கள் வந்து இறங்கினதும் பாத்தா பெரிய கல்லுக்கு பின்னாடி இருந்து சின்னதா ஒண்ணு எட்டிப் பாக்குது. சரி, நிலா உண்டுன்னு உலகத்துக்கே சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் சில நாள் கழிச்சு மீதி படங்கள் வந்துச்சு. அதுல கடந்து போய் ஆறு நிமிஷம் கழிச்சு, சுமார் 1,600 கிலோமீட்டர் தள்ளிப் போனப்புறம் திரும்பி எடுத்த ஒரு படம். அதுல அந்த நிலா ரெண்டு உருண்டையா இருக்கு! ஒண்ணு சுமார் 210 மீட்டர், இன்னொண்ணு சுமார் 230 மீட்டர், ரெண்டும் ஒட்டிகிட்டு நிக்குது. முதல்ல எடுத்த படத்துல ஒரு உருண்டைக்கு நேர் பின்னாடி இன்னொண்ணு மறைஞ்சு நின்னதால ஒண்ணா தெரிஞ்சிருக்கு, அந்த ஆறு நிமிஷத்துல லூசி நகந்து கோணம் மாறினதும் உண்மை வெளிய வந்துருச்சு. போன பிறகு திரும்பி பாக்காம இருந்திருந்தா ஒத்த நிலான்னே புத்தகத்துல ஏறியிருக்கும்.

இந்த மாதிரி ஒட்டின ரெட்டைக் கல்லு தனியா சூரியன சுத்தறத நிறைய பாத்திருக்காங்க, ஆனா இன்னொரு சிறுகோளுக்கு நிலாவா சுத்தறத பாத்தது இதுதான் முதல் தடவ. செலாம்னு பேரு வெச்சிருக்காங்க. லூசிங்கற பேரே எத்தியோப்பியாவுல 1974-ல கிடைச்ச ஆதி மனுஷ இனத்து எலும்புக்கூட்டோட பேரு, அத அந்த ஊர்க்காரங்க அம்ஹாரிக் மொழியில டிங்கினேஷ்னு கூப்பிடுவாங்க, செலாம் அதே நாட்டுல 2000-ல கிடைச்ச அதே இனத்து குழந்தையோட எலும்புக்கூடு. அந்த வரிசையில வந்த பேருங்க.

நிலா இருக்கறது நமக்கு புதுசா தெரியுது, ஆனா 1993-லயே கலிலியோ விண்கலம் ஐடாங்கற சிறுகோள கடந்து போச்சு, அதோட படங்கள 1994-ல பாத்துட்டு இருந்தப்ப டாக்டில்னு ஒரு குட்டி நிலா சிக்குச்சு. அதுக்கப்புறம் நூத்துக்கணக்குல கண்டுபிடிச்சாச்சு. ஆனா ஐடா 50 கிலோமீட்டருக்கு மேல நீளம், அது எங்க டிங்கினேஷ் எங்க.

கேள்வி: செலாம் எப்படி உண்டாச்சு? ஏதாவது மோதி உடைஞ்சுதா? கொஞ்சம் விளக்கமா எழுதுங்க, ஸ்கூல்ல பசங்களுக்கு சொல்லணும். (அறிவியல் ஆசிரியை, விருதுநகர்)

டீச்சர், இந்த மாசம் வந்ததுலயே எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி உங்களோடதுதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல படத்துல என்ன இருக்குன்னு பாருங்க. டிங்கினேஷ் நல்ல உருண்டையும் இல்ல, உருளைக்கிழங்கு மாதிரியும் இல்ல, இடுப்புல ஒரு மேடு சுத்தி ஓடுது, நடுக்கோடு முழுக்க வரப்பு போட்ட மாதிரி. அதுக்கு குறுக்கால வடக்கு தெற்கா ஒரு பெரிய பள்ளம், வாய்க்கால் மாதிரி நீளமா போகுது. பள்ளம் வந்து மேட்ட சந்திக்கற இடத்துல மேடு மேலயும் பள்ளம் கீழயுமா இருக்கு, அதாவது பள்ளம் முதல்ல விழுந்துச்சு, இல்லன்னா ரெண்டும் ஒரே சம்பவத்துல உண்டாச்சு, மேடு பள்ளத்துக்கு முந்தினது இல்ல. இந்த ஒரு விஷயத்த வெச்சே பாதி கதைய படிச்சிரலாம். ஒரு பக்கம் கல்லு இடம்பெயந்து சரிஞ்சு வெளிய போயிருக்கு, போனதுல கொஞ்சம் திரும்பி வந்து இடுப்புல படிஞ்சிருக்கு, மீதி சுத்துவட்டத்துலயே தங்கி ஒண்ணு சேந்து நிலாவாயிருக்கு.

சரி, கல்லு ஏன் தானா சரியணும்? வேகமா சுத்தினா சரியும். வேகமா ஏன் சுத்தணும்? இங்கதான் சூரியன் வருது. வெயில் பட்டா கல்லு சூடாகும், சூடான கல்லு அந்த வெப்பத்த திரும்ப வெளிய விடும், வெளிய விடறப்ப ஒரு துளி எதிர்த்தள்ளல் இருக்கும். கல்லு ஒழுங்கான உருண்டையா இருந்தா எல்லா பக்கமும் சமமாகி ஒண்ணும் நடக்காது. ஆனா மேடு பள்ளமா கோணல்மாணலா இருந்தா காத்தாடியோட மடிச்ச இதழ்ல காத்து படற மாதிரி ஒரு பக்கமா திருப்பு விசை உண்டாகும். இத கண்டுபிடிச்ச நாலு பேரோட பேர்ல இருந்து எழுத்தெடுத்து யார்ப் விளைவுன்னு சொல்றாங்க. விசை அவ்ளோ சின்னது, நம்ம வாழ்நாள்ல கண்ணுக்கு தெரியாது, ஆனா அங்க யாருக்கும் அவசரம் இல்லையே, லட்சக்கணக்குல கோடிக்கணக்குல வருஷம் வெயில் பட்டுகிட்டே இருந்தா சுழற்சி ஏறிகிட்டே போகும். இது வெறும் பேப்பர் கணக்கு இல்ல, 12 நிமிஷத்துக்கு ஒரு தடவ சுத்தற ஒரு குட்டி சிறுகோள வருஷக்கணக்கா கவனிச்சு அதோட வேகம் கூடிட்டே வர்றத 2007-ல அளந்தே காட்டிட்டாங்க.

டிங்கினேஷோட அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 2.4 கிராம். அந்த அடர்த்தி இருக்கற கல்லு சுமார் 2 மணி நேரத்துக்கு ஒரு சுத்துன்னு சுத்த ஆரம்பிச்சா நடுக்கோட்டுல ஈர்ப்ப விட வெளித்தள்ளல் ஜாஸ்தியாயிரும், மேல கிடக்கற கல்லு எல்லாம் கிளம்பிரும். இப்ப அது 3.74 மணி நேரத்துக்கு ஒரு சுத்து சுத்துது, அப்ப இத விட வேகமா சுத்தியிருக்கணும், பொருள வெளிய விட்டப்புறம் நிதானமாயிருக்கு. இன்னொண்ணு கவனிங்க, வெறும் மணல் குவியலா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா உதிந்திருக்கும், இவ்ளோ பெரிய பள்ளம் ஒரேயடியா விழுந்திருக்காது. கொஞ்ச காலம் பிடிச்சு வெச்சு பாத்துட்டு கடைசியில தாங்காம விட்டிருக்கு, அதனால உள்ள ஓரளவு பிடிமானம் உண்டுன்னு லூசி குழு சொல்றாங்க. அந்த பள்ளத்த பாத்துதான் கல்லோட உள்பலத்த சொல்ல முடிஞ்சுது, எனக்கு இதுதான் இந்த மொத்த விஷயத்துலயும் உச்சம்.

செலாம் ஏன் ரெண்டு உருண்டை, அதுவும் ஏன் கிட்டத்தட்ட ஒரே சைஸ்ங்கறதுக்கு இன்னும் முடிவான பதில் இல்ல. ரெண்டு தடவ கல்லு உதிந்து ரெண்டு நிலா தனித்தனியா உண்டாகி, அப்புறம் மெதுவா வந்து ஒட்டியிருக்கலாம்ங்கறது ஒரு கருத்து. மெதுவாங்கறது முக்கியம், வேகமா மோதியிருந்தா ரெண்டும் சிதறியிருக்கும்.

பசங்களுக்கு சொல்றப்ப இத மட்டும் அழுத்தி சொல்லுங்க டீச்சர்: பெரிய சிறுகோள வெயில் ஒண்ணும் பண்ணாது, அதுகளோட வாழ்க்கைய தீர்மானிக்கறது மோதல். ஒரு கிலோமீட்டர் சைஸுக்கு வந்துட்டா வெறும் வெயிலே போதும், மலைய பேத்து நிலா பண்ணிரும். செரஸ், வெஸ்டா மாதிரி பெருசுங்கள மட்டும் பாத்துட்டு இருந்தா இது நமக்கு தெரியவே போறதில்ல.

கேள்வி: ஆள் யாரும் போகாம, தராசு எதுவும் இல்லாம அதோட எடைய எப்படி சொல்றாங்க? (வாசகர், பாளையங்கோட்டை)

செலாம் காட்டிக் குடுத்துருச்சு. 3.1 கிலோமீட்டர் தூரத்துல 52.7 மணி நேரத்துக்கு ஒரு தடவ சுத்துது, தூரமும் நேரமும் தெரிஞ்சா நடுவுல எவ்ளோ எடை இருந்தா இப்படி சுத்தும்னு கெப்ளர் விதி சொல்லிரும். ரெண்டும் சேந்து ஏறத்தாழ 50 கோடி டன். படத்த வெச்சு கன அளவு தெரியும், வகுத்தா அடர்த்தி. பூமியில விழுந்த அதே வகை விண்கல்லோட அடர்த்தி 3.3-க்கு பக்கம், இது 2.4, அப்ப உள்ள கால்வாசிக்கு மேல வெத்திடமா இருக்கணும். நிலா மட்டும் இல்லன்னா 430 கிலோமீட்டர் தள்ளி அந்த வேகத்துல கடந்து போன விண்கலத்த வெச்சு இவ்ளோ சின்ன கல்லோட எடைய எடுத்திருக்கவே முடியாது.

செலாம் போற வேகம் எவ்ளோன்னு கணக்கு போட்டு பாருங்க, விநாடிக்கு 10 சென்டிமீட்டர்தான் வரும்.

கேள்வி: நாம அங்க போய் நின்னா எப்படி இருக்கும்? (ஏழாம் வகுப்பு மாணவி, காரைக்குடி)

நிக்கறதே கஷ்டம்டா கண்ணு. அங்க ஈர்ப்பு நம்ம பூமியில இருக்கறதுல நாப்பதாயிரத்துல ஒரு பங்கு. 60 கிலோ இருக்கற ஆளு அங்க ஒன்றரை கிராம்தான் கனப்பாரு. கையில இருக்கற பேனாவ ஒரு மீட்டர் உயரத்துல இருந்து விட்டா தரையத் தொட ஒன்றரை நிமிஷம் ஆகும். நடுக்கோட்டுல நின்னா இன்னும் மோசம், சுழற்சி அந்த துளி ஈர்ப்புலயும் மூணுல ஒரு பங்க எடுத்துக்கும். மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் வேகத்துல மேல எம்பினா போதும், திரும்ப கீழ வரவே மாட்ட, அது நாம ஆற அமர நடக்கற வேகத்த விட கம்மி! அதனால நடக்க கூடாது, எங்கயாவது கயிறு கட்டி பிடிச்சுகிட்டே நகரணும். மேல பாத்தா செலாம் நம்ம நிலாவ விட பல மடங்கு பெருசா தெரியும். நீ கணக்குல ஆர்வம் இருக்கற பொண்ணுன்னு லெட்டர பாத்தாலே தெரியுது, எத்தன மடங்குன்னு நீயே போட்டு பாரு: 3 கிலோமீட்டர் தூரத்துல 230 மீட்டர் உருண்டை, நம்ம நிலா 3,84,000 கிலோமீட்டர் தூரத்துல 3,474 கிலோமீட்டர்.

கேள்வி: அதுல கோடிக்கணக்குல தங்கம் இருக்குன்னு ஒரு மெசேஜ் வந்துச்சே? (வாசகர், சிவகாசி)

இல்லங்க. டிங்கினேஷ் சாதாரண பாறை. அந்த மெசேஜ் சைக்கிங்கற வேற ஒரு சிறுகோள பத்தி பரவறது, அது உலோகம் நிறைஞ்சதா இருக்கலாம்னு நினைக்கறாங்க, அத பாக்க 2023 அக்டோபர்ல கிளம்பின விண்கலம் 2029-லதான் போய் சேரும். அதுவும் தோண்ட போகல, ஆராய போகுது.

கேள்வி: பூமி மேல வந்து விழுமா? (பலர் கேட்டது)

விழாது. சூரியனுக்கு எவ்ளோ பக்கத்துல வந்தாலும் 29 கோடி கிலோமீட்டருக்கு உள்ள வராது, செவ்வாயோட பாதையவே தொடறதில்ல, அப்புறம் எங்க பூமி.

ஆனா இதே சைஸ்ல இதே ஜாடையில பூமிக்கு பக்கமா சுத்தற கல்லு இருக்கு, அதனாலதான் இந்த படிப்பு நமக்கு உபயோகம். டிடிமோஸ்னு ஒண்ணு, அதுவும் முக்கால் கிலோமீட்டர் சைஸ், அதுக்கும் இடுப்பு மேடு, அதுக்கும் ஒரு நிலா, டைமார்ஃபோஸ். 2022 செப்டம்பர் 26-ஆம் தேதி நாசாவோட டார்ட் விண்கலம் போய் முட்டினது அந்த நிலா மேலதான். முட்டினதுல அது டிடிமோஸ சுத்தற நேரம் அரை மணிக்கு மேல குறைஞ்சுது. என்னிக்காவது ஒரு கல்லு நிஜமாவே பூமிய நோக்கி வந்தா எங்க முட்டணும், முட்டினா நகருமா இல்ல பொடிப்பொடியா சிதறுமான்னு தெரியணும், அதுக்கு அந்த கல்லோட உள்பிடிமானம் தெரியணும். டிங்கினேஷ் பள்ளம் சொல்றதும் அதுதான். பட்டையிலயே பிறந்த இடத்துல இருக்கற ஒண்ணையும் பூமி பக்கம் வந்துட்ட ஒண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்க இப்ப முடியுது.

கேள்வி: வீட்டு டெலஸ்கோப்ல தெரியுமா? (வாசகர், கோவை)

தெரியாது, பெரிய ஆய்வக டெலஸ்கோப் வேணும். ஆசைப்பட்டா வெஸ்டாவ பாருங்க, நல்ல இருட்டான இடமா இருந்து அது பூமிக்கு பக்கமா வர்ற சமயமா இருந்தா வெறும் கண்ணுக்கே தெரியும், பைனாகுலர் இருந்தா சந்தேகமே வேணாம்.

கேள்வி: நம்ம ஊர்ல இருந்து யாராச்சும் சிறுகோள் கண்டுபிடிச்சிருக்காங்களா? (கல்லூரி மாணவர், திருப்பத்தூர்)

உங்க மாவட்டத்துலயே கண்டுபிடிச்சிருக்காங்க தம்பி! ஜவ்வாது மலை காவலூர் வானியல் ஆய்வகத்துல இருந்து 1988 பிப்ரவரி 17-ஆம் தேதி ராஜமோகன்ங்கற விஞ்ஞானியோட குழு 45 சென்டிமீட்டர் ஷ்மிட் டெலஸ்கோப்ல ஒரு சிறுகோள கண்டுபிடிச்சாங்க, 4130 ராமானுஜன்னு கணித மேதை பேர வெச்சாங்க, அதுவும் இதே பட்டையிலதான் சுத்துது.

அதுக்கு நூறு வருஷத்துக்கு மேல முன்னாடி சென்னை நுங்கம்பாக்கத்துல, அப்ப மெட்ராஸ் ஆய்வகம், அங்க நார்மன் பாக்சன் இருந்தாரு. அவரு மெட்ராஸ்ல இருந்து மட்டும் அஞ்சு சிறுகோள் கண்டுபிடிச்சாரு. முதல்ல 1861 ஏப்ரல் 17-ல ஏசியா, இந்த கண்டத்துல இருந்து கண்டுபிடிச்ச முதல் சிறுகோள்ங்கறதால அந்த பேரு. அதுவும் டிங்கினேஷ் மாதிரியே எஸ் டைப் கல்லுதான், சைஸ் மட்டும் 60 கிலோமீட்டருக்கு பக்கம். அப்புறம் 1864-ல சாஃபோ, 1866-ல சில்வியா, 1868-ல கமில்லா, 1885-ல வேரா. கேமரா கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, நட்சத்திர வரைபடத்தையும் வானத்தையும் மாத்தி மாத்தி பாத்து எந்த புள்ளி நேத்து இங்க இல்லன்னு கண்ணாலயே பிடிச்சது.

இதுல சில்வியாதான் பாருங்க, 2001-ல அதுக்கு ஒரு நிலா இருக்கறது தெரிஞ்சுது, 2005-ல ரெண்டாவது நிலாவும் இருக்குன்னு அறிவிச்சாங்க. ரெண்டு நிலா இருக்குன்னு தெரிய வந்த முதல் சிறுகோள் அதுதான், நுங்கம்பாக்கத்துல இருந்து பிடிச்சது. இத நம்ம பாடப்புத்தகத்துல பெருசா போடணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

கேள்வி: எனக்கும் சிறுகோள் தேடணும்னு ஆசை. டெலஸ்கோப் வாங்க வசதி இல்ல, என்ன பண்ணலாம்? (ப்ளஸ் டூ மாணவி, கரூர்)

டெலஸ்கோப்பே வேணாம்மா. சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்புன்னு ஒண்ணு இருக்கு, ஹவாய்ல இருக்கற பான்ஸ்டார்ஸ் டெலஸ்கோப் எடுக்கற படங்கள பள்ளி கல்லூரி பசங்களுக்கு இலவசமா அனுப்பறாங்க. ஒரே வானப்பகுதிய சில நிமிஷ இடைவெளியில எடுத்த படங்க, அஸ்ட்ரோமெட்ரிகான்னு ஒரு சாஃப்ட்வேர்ல போட்டு மாத்தி மாத்தி ஓட்டினா நட்சத்திரம் எல்லாம் அசையாம நிக்கும், சிறுகோள் மட்டும் நேர்கோட்டுல நகரும். சுமாரான ஒரு கம்ப்யூட்டர், நெட், பொறுமை, மூணும் போதும். தனியா சேர்றத விட ஸ்கூல்ல ஒரு டீமா பேரு குடுங்க, உங்க பிசிக்ஸ் டீச்சர்கிட்ட இந்த பக்கத்த கிழிச்சு குடுத்து கேளு. முதல் வாரம் கண்ணு வலிக்கும், படத்துல வர்ற கோளாறு புள்ளிக்கும் நிஜ கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது, பழக பழக பிடிபட்டுரும்.

கேள்வி: லூசி இப்ப எங்க? அடுத்து எத பாக்கும்? (வாசகர், சேலம்)

2025 ஏப்ரல் 20-ல பட்டையிலயே டொனால்ட் ஜோஹான்சன்னு இன்னொரு சிறுகோள கடந்து போச்சு, 1974-ல அந்த எலும்புக்கூட்ட கண்டுபிடிச்சவரோட பேரு அது. சுமார் 8 கிலோமீட்டர் நீளம், அதுவும் ரெண்டு உருண்டை ஒட்டின உருவம். டிங்கினேஷ்ல ஒத்திகை பாத்த அதே கேமரா சிஸ்டம்தான் அதையும் பிடிச்சுது. அடுத்து 2027 ஆகஸ்ட்ல யூரிபேட்டிஸ், முதல் ட்ரோஜன், அதுக்கும் கெட்டான்னு ஒரு குட்டி நிலா இருக்கு. படம் வந்ததும் இந்த பக்கத்துல பேசலாம், அதுக்குள்ள தோணற கேள்விய எழுதி போட்டுகிட்டே இருங்க.